பட்டமும் பதக்கமும் – 11: ரகசியம் கலைந்த சங்கம்

ஹார்வர்டிலும் யேலிலும் மாணவர் பட்டியலை அப்பாவின் அந்தஸ்தைப் பார்த்து எழுதிய கதையைச் சென்ற இதழில் பார்த்தோம். பிரமுகர் வீட்டுப் பிள்ளை மேலே, குடியானவர் வீட்டுப் பிள்ளை கீழே. யேல் 1760களின் கடைசியிலும், ஹார்வர்ட் 1770களின் தொடக்கத்திலும் அந்த வழக்கத்தைக் கைவிட்டு அகரவரிசைக்கு மாறின. சரி, அப்பாவைப் பார்ப்பது போயிற்று. பிள்ளையின் படிப்பைப் பார்ப்பது எப்போது வந்தது?

இதற்கு அமெரிக்கர்கள் சட்டென்று சொல்லும் பதில், ஃபை பீட்டா காப்பா. அந்த நாட்டின் மிகப் பழைய மாணவர் கௌரவச் சங்கம் அது. இதில் சேர யாரும் மனுப் போட முடியாது. கலை, அறிவியல் படிப்பில் முன்வரிசையில் நிற்பவர்களைச் சங்கமே தேடி அழைக்கும். நாட்டில் உள்ள கல்லூரிகளில் ஏறத்தாழ பத்தில் ஒன்றில்தான் அதற்குக் கிளை இருக்கிறது. அமெரிக்க ஜனாதிபதிகளில் 17 பேர் அதன் உறுப்பினர்கள். அந்த மூன்று கிரேக்க எழுத்துகளை ஒருவர் தம் தன்விவரக் குறிப்பில் போட்டால் எண்பது வயதிலும் எடுக்கமாட்டார்.

ஆனால் இந்தப் பதிலில் ஒரு கோணல் இருக்கிறது. சங்கம் தொடங்கியபோது அதற்கும் மதிப்பெண்ணுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. மதிப்பெண் என்ற ஏற்பாடே அன்று அமெரிக்கக் கல்லூரிகளில் இல்லை. நல்ல பேச்சுத்துணை தேடிய சில இளைஞர்கள், வாத்தியார் காதில் விழாமல் பேசுவதற்காகக் கூட்டிய ரகசியக் கூட்டம் அது. அது எப்படிப் படிப்பாளிகளின் பதக்கமாயிற்று என்பதுதான் இந்த வாரக் கதை.

1776 டிசம்பர் 5, வியாழக்கிழமை. சுதந்திரப் பிரகடனம் வெளியாகி ஐந்து மாதம் ஆகிறது. வாஷிங்டனின் படை அடி வாங்கி நியூ ஜெர்சி வழியாகப் பின்வாங்கிக்கொண்டிருக்கிறது. தெற்கே வர்ஜீனியாவின் தலைநகரான வில்லியம்ஸ்பர்க்கில் போரின் சத்தம் அவ்வளவாக இல்லை. அங்கே 1693-இல் தொடங்கிய வில்லியம் அண்ட் மேரி கல்லூரியின் மாணவர்கள் ஐந்து பேர் அன்று கூடினார்கள். ஜான் ஹீத், தாமஸ் ஸ்மித், ரிச்சர்ட் புக்கர், ஆர்மிஸ்டெட் ஸ்மித், ஜான் ஜோன்ஸ். கூடிய இடம் ராலே விடுதியின் அப்பல்லோ அறை என்பது வழிவழியாகச் சொல்லப்படுவது. சாப்பாடு, மது, சீட்டாட்டம், நடனம் எல்லாம் நடக்கும் விடுதி. ஆளுநர் இரண்டு முறை சட்டசபையைக் கலைத்தபோது, 1769-லும் 1774-லும், உறுப்பினர்கள் நேரே நடந்து வந்து கூட்டத்தைத் தொடர்ந்தது இதே அறையில்தான். அரசாங்கத்துக்குத் தெரியாமல் பேச வேண்டும் என்றால் அந்த ஊரில் அப்பல்லோ அறை.

இவர்கள் எழுதிவைத்த கூட்டக் குறிப்பேடு தப்பிப் பிழைத்திருக்கிறது. முதல் கூட்டத்துக்குத் தேதி போடும்போது, கிறிஸ்து பிறந்த கணக்கில் ஆண்டைச் சொல்லிவிட்டு, கூடவே குடியரசு பிறந்து முதல் ஆண்டு என்ற கணக்கையும் சேர்த்திருக்கிறார்கள். பையன்களுக்கு என்ன மிடுக்கு பாருங்கள்! அடுத்த மாதம் இன்னும் நான்கு பேர் சேர்ந்தார்கள். ஹீத் தலைவரானார். பைபிள் மீது சத்தியம், வாய்திறக்கமாட்டேன் என்ற உறுதிமொழி, வெள்ளியில் செய்த சதுரப் பதக்கம். பதக்கத்தின் ஒரு பக்கம் இலத்தீன் எழுத்துகள் இரண்டு, மறுபக்கம் ஃபை, பீட்டா, காப்பா. ஞானத்தின் மீதான காதலே வாழ்க்கையின் மாலுமி என்று பொருள்படும் கிரேக்க வாக்கியத்தின் முதலெழுத்துகள் அவை. அந்த வாக்கியமும் ரகசியம்தான்.

கிரேக்கம் ஏன்? அந்தக் கல்லூரியில் ஏற்கெனவே இலத்தீன் எழுத்துச் சங்கங்கள் இருந்தன. 1750-இல் தொடங்கிய எஃப்.ஹெச்.சி. என்பது ஒன்று. தாமஸ் ஜெஃபர்சன் மாணவராக இருந்தபோது அதில் உறுப்பினர். உருப்படியான நோக்கம் எதுவும் அதற்கு இல்லை என்று வயதான காலத்தில் ஒரு கடிதத்தில் எழுதினார். இன்னொன்று பி.டி.ஏ. கிரேக்கத்தில் கெட்டிக்காரரான ஹீத்தை பி.டி.ஏ. சேர்த்துக்கொள்ளவில்லை, அந்த ரோஷத்தில்தான் அவர்களுக்கு எட்டாத கிரேக்கத்தில் பெயர் வைத்தார் என்று ஒரு கதை உண்டு. உண்மையோ பொய்யோ, நம்பத் தோன்றுகிற கதை. உலகத்தில் பாதிச் சங்கங்கள் வேறொரு சங்கத்தில் இடம் கிடைக்காதவர்கள் தொடங்கியவை.

உறுப்பினர்கள் ஒருவரை ஒருவர் அடையாளம் காண ஒரு வணக்கம் வைத்திருந்தார்கள். கைகுலுக்கியதும் அதே கையின் புறங்கையால் வாய்க்குக் குறுக்கே ஒரு வீச்சு. எதிரில் இருப்பவரும் அதே மாதிரி செய்ய வேண்டும். விடுதியில் கூடுகிறவர்களுக்குப் பொருத்தமான சைகைதான். பார்க்கிறவர்கள் குடித்த வாயைத் துடைத்துக்கொள்கிறான் என்று நினைத்துப் போய்விடுவார்கள். ஆனால் இவர்கள் குடிகாரக் கூட்டம் அல்ல. கூட்டத்தில் போதையின் சாயல் தெரிந்தாலே அபராதம் என்று விதி எழுதியிருந்தார்கள். விதி எழுத வேண்டிய அவசியம் ஏன் வந்தது என்பதை வாசகர் ஊகத்துக்கு விட்டுவிடுகிறேன்.

கூட்டத்தில் என்ன நடந்தது? முறை போட்டுக்கொண்டு சிலர் கட்டுரை எழுதி வந்து படிப்பார்கள், சிலர் ஒரு பொருளில் எதிரெதிராக வாதாடுவார்கள். தலைப்புகளின் பட்டியலைப் படித்தால் அந்த அறையில் உட்கார்ந்திருந்தவர்களின் மனசு தெரிகிறது. சீசரைக் கொன்ற புரூட்டஸ் செய்தது நியாயமா? நார்மன் வில்லியமுக்கு இங்கிலாந்தின் மேல் படையெடுக்க உரிமை இருந்ததா? நாடகக் கொட்டகையால் அரசுக்கு நன்மை உண்டா? நிலத்தை எல்லாருக்கும் பகிர்ந்து தரும் சட்டம் நல்ல குடியரசுக்கு ஏற்றதா? பலதார மணம் இயற்கையின் கட்டளையா? ஒரு நாள் ஆப்பிரிக்கர்களை அடிமையாக வைத்திருப்பது நியாயமா என்ற தலைப்பையும் எடுத்தார்கள். வாதாடியவர்களில் பெரும்பாலோர் தோட்ட முதலாளிகளின் பிள்ளைகள். அவர்கள் படித்த கல்லூரியே அடிமைகளை வைத்திருந்தது. அன்றைய வாதத்தில் யார் என்ன சொன்னார்கள் என்பது குறிப்பேட்டில் இல்லை, தலைப்பு மட்டும் இருக்கிறது. ஆனாலும் பாடத்திட்டத்துக்குள் இந்தத் தலைப்பு நுழைந்திருக்காது. வகுப்பறை என்றால் அன்று இலத்தீனும் கணிதமும் ஒப்பிப்பது. புதிதாகச் சேர்கிறவருக்குத் தலைவர் முதலில் சொல்வதே, இங்கே கல்லூரிச் சட்டதிட்டங்களை மறந்துவிட்டு மனசில் பட்டதை ஒளிக்காமல் பேசலாம் என்பதுதான்.

ஆக, சேர்க்கும்போது பார்த்தது ஆள் எப்படி, பேச்சு எப்படி, வாயைக் கட்டிக்கொண்டு இருப்பானா என்பதை. 1778 டிசம்பரில் இன்னும் ஒரு படி போய், கல்லூரி மாணவராக இருக்க வேண்டும் என்ற கட்டாயமே இல்லை என்று தீர்மானம் போட்டார்கள். படிப்பில் முதலிடம் என்ற பேச்சு எங்கேயும் கிடையாது.

சேர்ந்தவர்கள் சோடை போகவில்லை. 1780 மே மாதம் 24 வயதுப் படை அதிகாரி ஒருவர் சேர்ந்தார். சட்ட ஆசிரியர் ஜார்ஜ் வித்திடம் சட்டம் கேட்க வந்த ஜான் மார்ஷல். அவருடைய சட்டக் குறிப்புப் புத்தகம் இன்றும் இருக்கிறது. ஓரங்களில் பாலி ஆம்பிளர் என்ற பெண்ணின் பெயரை எழுதி எழுதிப் பார்த்திருக்கிறார். வகுப்பில் கவனம் எங்கே இருந்தது என்று தெரிகிறதல்லவா! பிற்பாடு பாலி அவருக்கு மனைவியானார். மார்ஷல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியாகி 34 ஆண்டுகள் அந்த நாற்காலியில் இருந்தார். ஜார்ஜ் வாஷிங்டனின் தம்பி மகன் புஷ்ராட் வாஷிங்டனும் சங்கத்தில் இருந்தார். அவரும் அதே நீதிமன்றத்துக்குப் போனார். சங்கத் தலைவராக இருந்த வில்லியம் ஷார்ட், ஜெஃபர்சன் பாரிஸில் தூதராக இருந்தபோது அவருக்குச் செயலாளர்.

இந்தச் சங்கம் வர்ஜீனியாவோடு முடிந்து போயிருக்க வேண்டியது. முடியாமல் போனதற்குக் காரணம் எலைஷா பார்மலி என்ற கனெக்டிகட்காரர். யேலிலும் ஹார்வர்டிலும் படித்தவர். உடம்பு சரியில்லாமல் தென்பக்கம் வந்தவர் இங்கே உறுப்பினரானார். வடக்கே திரும்பிப் போகிறபோது கிளை தொடங்க அனுமதி தாருங்கள் என்று கேட்டார். 1779 டிசம்பரில் ஹார்வர்டுக்கு ஒன்றும் யேலுக்கு ஒன்றுமாக இரண்டு பட்டயங்களை எழுதிக் கொடுத்தார்கள். வர்ஜீனியாவின் சில ஊர்களுக்கும் இதேபோல் பட்டயம் கொடுத்தார்கள், அவை முளைக்கவேயில்லை. பார்மலி கொண்டுபோன இரண்டும் முளைத்தன. யேலில் 1780 நவம்பரிலும் ஹார்வர்டில் அதற்கு அடுத்த ஆண்டிலும் கிளைகள் கூடின. 1784-இல் பார்மலி இறந்துவிட்டார்.

பட்டயம் எழுதிய பதின்மூன்று மாதத்தில் தாய்ச் சங்கம் மூடப்பட்டது. 1781 ஜனவரியில், கட்சி மாறிய பெனடிக்ட் ஆர்னால்ட் பிரிட்டிஷ் படையோடு ஜேம்ஸ் ஆற்றில் ஏறி வந்து ரிச்மண்டைக் கொளுத்தினார். 6-ஆம் தேதி வில்லியம்ஸ்பர்க்கில் மிஞ்சியிருந்த உறுப்பினர்கள் கூடி, காகிதங்களை முத்திரையிட்டுக் கட்டி, கல்லூரியின் பண்டசாலைப் பொறுப்பாளரிடம் ஒப்படைத்தார்கள். நிலைமை சீரானதும் திரும்பக் கூடுவோம் என்பது திட்டம். அதே ஆண்டு அக்டோபரில், பன்னிரண்டு மைல் தள்ளி யார்க்டவுனில் பிரிட்டிஷ் தளபதி கார்ன்வாலிஸ் சரணடைந்து போர் ஏறத்தாழ முடிந்தது. ஆனால் சங்கம் அங்கே அடுத்த எழுபது ஆண்டுகளுக்குக் கூடவில்லை. நான்கே ஆண்டு, மொத்தம் 50 உறுப்பினர்கள்.

பார்மலி மட்டும் வர்ஜீனியாப் பக்கம் வராமல் இருந்திருந்தால், ஜெஃபர்சனின் எஃப்.ஹெச்.சி. போல இதுவும் வரலாற்று அடிக்குறிப்புகளில் ஒன்றாகப் போயிருக்கும். பெரிய நிறுவனங்களின் பிறப்பைத் துருவினால் நோயாளி ஒருவரின் பிரயாணம் மாதிரி ஏதாவது அற்பக் காரணம் அகப்படுவது எனக்கு எப்போதும் பிடித்த விஷயம்.

நியூ இங்கிலாந்துக்குப் போனதும் சங்கத்தின் குணம் மாறியது. ஹார்வர்டும் யேலும் பாதிரியார்களைத் தயாரித்த இடங்கள். விடுதி அறையின் சுதந்திரம் அங்கே செல்லுபடியாகாது. ரகசியம் இருந்தது, சத்தியம் இருந்தது. ஆனால் ஆண்டுக்கு ஒரு நாள், பட்டமளிப்பு விழாவை ஒட்டி, ஊரைக் கூட்டி ஒரு சொற்பொழிவும் கவிதையும் நடத்தும் வழக்கம் வந்தது. கடைசி ஆண்டு மாணவர்கள் தங்களுக்கு அடுத்த வகுப்பிலிருந்து ஆட்களைப் பொறுக்கினார்கள். பொறுக்கும்போது மெல்ல மெல்ல வகுப்பில் யார் கெட்டிக்காரன் என்ற கணக்கும் சேர்ந்தது. யேலின் தலைவர் எஸ்ரா ஸ்டைல்ஸ் 1785-இல் கடைசி ஆண்டு மாணவர் 58 பேருக்குத் தேர்வு வைத்து, அவர்களைத் தம் நாட்குறிப்பில் இலத்தீனில் நான்கு தரமாகப் பிரித்தார்: மிகச் சிறந்தோர் 20 பேர், இரண்டாம் தரச் சிறந்தோர் 16 பேர், தாழ்ந்தோர் 12 பேர், அதற்கும் கீழே 10 பேர். அமெரிக்கக் கல்லூரிகளில் தரவரிசைக்கு இதையே முதல் சாட்சியாகக் காட்டுவார்கள். சங்கம் பிறந்து ஒன்பது ஆண்டு கழித்து!

1787-இல் டார்ட்மத்தில் ஒரு கிளை. பிறகு முப்பது ஆண்டு இடைவெளி விட்டு 1817-இல் யூனியன் கல்லூரி. அங்கே ஒரு வேடிக்கை. 1825-இல் யூனியன் மாணவர்கள் சிலர் காப்பா ஆல்ஃபா என்று ஒரு தனிக்கூட்டம் தொடங்கினார்கள். கிரேக்க எழுத்து, சத்தியம், ரகசியக் கைகுலுக்கல், கடிகாரச் சாவி போன்ற பதக்கம் என்று எல்லாம் ஃபை பீட்டா காப்பாவைப் பார்த்துச் செய்தது. இரண்டே ஆண்டில் அதே கல்லூரியில் இன்னும் இரண்டு கூட்டங்கள் கிளம்பின. இன்று அமெரிக்கக் கல்லூரிகளில் கூரைமேல் கிரேக்க எழுத்து மாட்டிய ஃப்ரடர்னிட்டி வீடுகளைப் படங்களில் பார்க்கிறோமே, சனிக்கிழமை இரவுக் கூத்துக்குப் பேர்போனவை, அவற்றின் வம்சம் இங்கே தொடங்குகிறது. படிப்பாளிச் சங்கமும் கூத்தாடிச் சங்கமும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள்.

ரகசியத்துக்குக் கேடு வந்தது 1826-இல். நியூயார்க் மாநிலத்தில் படேவியா என்ற சிற்றூரில் வில்லியம் மார்கன் என்பவர், ஃப்ரீமேசன்கள் என்ற ரகசியச் சங்கத்தாரின் உள்விஷயங்களைப் புத்தகமாகப் போடப்போகிறேன் என்று அறிவித்தார். செப்டம்பரில் ஒரு சில்லறைக் கடனுக்காக அவரைக் கனன்டேகுவாவில் சிறையில் அடைத்தார்கள். யாரோ வந்து கடனைக் கட்டி மீட்டு, வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அதற்குப் பிறகு அவரை யாரும் பார்க்கவில்லை. உடலும் கிடைக்கவில்லை. மேசன்கள்தான் கொன்றார்கள் என்று ஊர் கொதித்தது. விசாரணைகள் மழுப்பலாக முடியவே, நீதிபதிகளும் ஷெரீஃப்களும் மேசன்கள் என்ற பேச்சு கிளம்பியது. சில ஆண்டுகளில் அது மேசன் எதிர்ப்புக் கட்சியாகவே உருவெடுத்து, 1831-இல் பால்டிமோரில் மாநாடு கூட்டி ஜனாதிபதி வேட்பாளரை நிறுத்தியது.

ரகசியச் சங்கம் என்றாலே சந்தேகம் என்ற இந்தச் சூழலில், 1831-இல் ஏவரி ஆலின் என்ற முன்னாள் மேசன் ஒரு புத்தகம் போட்டார். மேசன்களின் சடங்குகளோடு ஃபை பீட்டா காப்பாவின் எழுத்துகளுக்கு விரிவு, பதக்கம், சைகை எல்லாவற்றையும் சேர்த்து அம்பலப்படுத்தினார். அதோடு, இது பிரான்சிலிருந்து ஜெஃபர்சன் இறக்குமதி செய்த நாத்திகச் சரக்கு என்ற சந்தேகத்தையும் கிளப்பினார். மதத்தை விட்டுவிட்டு ஞானத்தை மாலுமியாக்கிய வாசகம் அவருக்குச் சாட்சி. ஜெஃபர்சன் பிரான்சுக்குப் போனதே 1784-இல்தான் என்பதை யாரும் யோசிக்கவில்லை. பவேரியாவின் இல்லுமினாட்டி சங்கமும் தற்செயலாக அதே 1776-இல் பிறந்தது வேறு சதிக்கதைக்காரர்களுக்கு வசதியாகப் போயிற்று. இன்றைக்கு வாட்ஸாப்பில் வருவதற்கும் அன்றைக்குத் துண்டுப் பிரசுரத்தில் வந்ததற்கும் சரக்கில் பெரிய வித்தியாசம் இல்லை.

ஹார்வர்ட் கிளையின் பெரிய தலைகளுக்குத் தர்மசங்கடம். முன்னாள் ஜனாதிபதி ஜான் குவின்சி ஆடம்ஸ் ஹார்வர்டில் படித்தபோது இந்தச் சங்கத்தில் சேர்ந்தவர். இப்போது மேசன் எதிர்ப்பின் முன்வரிசையில் நிற்கிறார். ஒரு ரகசியச் சங்கத்தைத் திட்டிக்கொண்டே இன்னொன்றில் உட்கார முடியுமா? அவரும், உச்ச நீதிமன்ற நீதிபதி ஜோசப் ஸ்டோரியும், எட்வர்ட் எவரெட்டும் சேர்ந்து பேசி 1831-இல் ரகசியச் சத்தியத்தை எடுத்துவிடச் செய்தார்கள். எவரெட் யேலுக்கும் போய் அங்கிருந்தவர்களைச் சம்மதிக்க வைத்தார்.

யேலில் ஒரு சின்னப் பின்விளைவு. அடுத்த ஆண்டு, 1832-இல், வில்லியம் ரஸ்ஸலும் அல்ஃபோன்சோ டாஃப்டும் இன்னும் சிலரும் சேர்ந்து ஸ்கல் அண்ட் போன்ஸ் என்ற புதிய ரகசியச் சங்கத்தைத் தொடங்கினார்கள். ஃபை பீட்டா காப்பா வட்டாரத்தில் நடந்த தகராறுதான் காரணம் என்று சொல்வதுண்டு. டாஃப்டின் மகனும், பின்னாளில் இரண்டு புஷ்களும் அதிலிருந்து ஜனாதிபதியானார்கள். ரகசியம் வேண்டும் என்கிறவர்கள் அந்தக் கதவைத் தட்டப் போய்விட்டார்கள்.

இங்கே நின்று கணக்குப் பார்க்க வேண்டும். ரகசியம் போய்விட்டது. விவாதம் செய்ய வேறு இலக்கியக் கழகங்கள் வந்துவிட்டன. கூடிக் குலாவ ஃப்ரடர்னிட்டிகள் வந்துவிட்டன. பழைய சங்கத்துக்கு மிச்சம் என்ன? உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தார்கள் என்ற பெருமை மட்டும். எதற்காகத் தேர்ந்தெடுத்தார்கள் என்று கேட்டால் ஏதாவது ஒரு பதில் வேண்டுமே. அந்த இடத்தில் வகுப்புத் தரவரிசை வந்து உட்கார்ந்துகொண்டது. ஃபை பீட்டா காப்பாவைக் கௌரவச் சங்கமாக்க வேண்டும் என்று யாரும் திட்டம் போடவில்லை. மற்ற வேலைகளெல்லாம் ஒவ்வொன்றாகக் கைநழுவிப் போனதில் எஞ்சியது அந்த ஒன்று. சங்கத்தின் அதிகாரபூர்வ வரலாறுகள் இதை இவ்வளவு பச்சையாகச் சொல்வதில்லை. ஆனால் தேதிகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் எனக்கு வேறு முடிவு வரவில்லை.

பதக்கத்துக்கும் இதே கதைதான். வெள்ளிச் சதுரத்தின் அடியில் ஒரு தண்டை ஒட்டவைத்து, சட்டைப்பைக் கடிகாரத்துக்குச் சாவி கொடுக்கப் பயன்படுத்தினார்கள். அதனால் பதக்கத்துக்குச் சாவி என்றே பெயர் வந்தது. பிறகு சாவி தேவைப்படாத கடிகாரங்கள் வந்துவிட்டன. தண்டு மட்டும் இன்றும் இருக்கிறது.

ரகசியம் போன பிறகு நடந்த ஆண்டுவிழாச் சொற்பொழிவுகளில் ஒன்றை மட்டும் விட்டுவிட முடியாது. 1837-இல் ஹார்வர்ட் கிளை முதலில் அழைத்தது ஜோனதன் வெயின்ரைட் என்ற பாதிரியாரை. அவர் முடியாது என்றதும், கடைசி நேரத்தில் ரால்ஃப் வால்டோ எமர்சனைக் கேட்டார்கள். எமர்சன் 1821-இல் அதே ஹார்வர்டில் படித்து முடித்தபோது 59 பேரில் நடுவாந்திரமான இடம். மாணவராக இருந்தபோது சங்கம் அவரைச் சீந்தவில்லை. 1828-இல்தான் கௌரவ உறுப்பினராக்கியது. ஆகஸ்ட் 31 அன்று கேம்பிரிட்ஜ் தேவாலயத்தில், கோட்டில் சாவி தொங்கவிட்ட கனவான்கள் இருநூறு பேருக்கு மேல் உட்கார்ந்திருக்க, அவர் ஒன்றேகால் மணி நேரம் பேசினார். அமெரிக்க அறிஞன் என்பது தலைப்பு. ஐரோப்பாவின் எச்சிலைத் தின்றது போதும், புத்தகத்தை விழுங்குகிறவன் அறிஞன் அல்ல, தானாக யோசிக்கிறவன்தான் அறிஞன் என்பது அதன் சாரம். புத்தகப் புழு என்று யாரைச் சொன்னாரோ அவர்களில் பலர் எதிரிலேயே உட்கார்ந்திருந்தார்கள். சிலர் முகம் சுளித்தார்கள், இளைஞர்கள் கிறங்கினார்கள். அச்சிட்ட 500 பிரதிகள் ஒரு மாதத்தில் விற்றுத் தீர்ந்தன. அமெரிக்க அறிவுலகின் சுதந்திரப் பிரகடனம் என்று பின்னால் ஆலிவர் வெண்டல் ஹோம்ஸ் அதற்குப் பட்டம் சூட்டினார். எமர்சனின் சிநேகிதராகப் போகிற தோரோ அதற்கு முதல் நாள்தான் அங்கே பட்டம் வாங்கியிருந்தார்.

அந்த வெளிச்சம் நீடிக்கவில்லை. அடுத்த நாற்பது ஆண்டுகள் பெரும்பாலும் தூக்கம். யேல் கிளை 1871-இல் கூடுவதையே நிறுத்திக்கொண்டது. வில்லியம் அண்ட் மேரியில் 1851-இல் பழைய விளக்கை ஏற்றினார்கள். உள்நாட்டுப் போர் வந்து ஊதி அணைத்தது.

இந்தத் தூங்குமூஞ்சிக் காலத்தில் வடகோடியில் வெர்மான்ட் பல்கலைக்கழகக் கிளை மட்டும் இரண்டு காரியம் செய்தது. 1875-இல் லைடா மேசன், எலன் ஹாமில்டன் என்ற இரண்டு பெண்களைச் சேர்த்தது. இந்தச் சங்கத்தில் முதல் பெண்கள் அவர்கள்தான். அந்தப் பல்கலைக்கழகம் பெண்களைப் படிக்கவிட்டே நான்கு ஆண்டுதான் ஆகியிருந்தது. 1877-இல் ஜார்ஜ் வாஷிங்டன் ஹெண்டர்சன் என்ற கறுப்பின மாணவரைச் சேர்த்தது. அவர் பிறந்தது வர்ஜீனியாவில், அடிமையாக. போர் முடிந்ததும் வடபடை அதிகாரி ஒருவரோடு வெர்மான்ட் வந்து, எழுத்துக்கூட்டிப் படிக்கத் தொடங்கி, பன்னிரண்டு ஆண்டுகளுக்குள் வகுப்பில் முதல்வராக வந்தார். தரவரிசை என்ற அளவுகோலின் பலன் இங்கே தெரிகிறது. நண்பர்கள் நண்பர்களைப் பொறுக்குகிற விடுதிச் சங்கமாகவே இருந்திருந்தால் லைடா மேசனும் ஹெண்டர்சனும் வாசலைக்கூடத் தாண்டியிருக்க மாட்டார்கள். அதற்காக அளவுகோல் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி அளந்தது என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் முனைவர் பட்டம் பெற்ற முதல் கறுப்பினத்தவர் எட்வர்ட் பூஷே; யேலில் 1874-இல் படித்து முடித்தவர். கிளை உறங்கிக் கிடந்ததால் 1884-இல் அது விழித்தெழுந்த பிறகே உறுப்பினரானார். கறுப்பினக் கல்லூரிகளுக்குக் கிளை கிடைக்க 1953 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த ஆண்டு ஏப்ரலில் ஃபிஸ்கும் ஹோவர்டும் பெற்றன.

1883-இல் சாராடோகா ஸ்பிரிங்ஸில் கிளைகளின் பிரதிநிதிகள் கூடி ஒரே அமைப்பாக இணைந்தார்கள். எந்தக் கல்லூரிக்குக் கிளை, எந்த மாணவருக்குச் சாவி என்பதற்கு அப்போதிருந்து பொது விதிகள். பிறந்த வீட்டிலிருந்து அந்தக் கூட்டத்துக்கு வர ஆளில்லை. வில்லியம் அண்ட் மேரி கல்லூரியே காசில்லாமல் 1882-இல் கதவைச் சாத்தியிருந்தது. மாணவர் ஒருவரும் இல்லாத அந்த ஆண்டுகளிலும் கல்லூரித் தலைவர் பெஞ்சமின் யூவெல் மணியை மட்டும் அடித்துக்கொண்டிருந்தார் என்று அங்கே இன்னும் கதை சொல்வார்கள். 1893-இல் அங்கே கிளை மூன்றாவது முறையாக உயிர்பெற்றது. சங்கம் தான் பிறந்த ஊருக்குப் பட்ட கடனைத் திருப்பிக் கொடுத்தது அதற்கும் பிறகு. 1924-இல் நியூயார்க்கில் நடந்த ஃபை பீட்டா காப்பா விருந்தில் வில்லியம்ஸ்பர்க் பாதிரியார் குட்வின், ஜான் டி. ராக்ஃபெல்லர் ஜூனியரைச் சந்தித்தார். பிரவுன் பல்கலைக்கழகத்தில் சாவி வாங்கியவர் ராக்ஃபெல்லர். 1926-இல் சங்கத்தின் நினைவு மண்டபத் திறப்புக்கு அவர் வில்லியம்ஸ்பர்க் வந்தபோது, ஊரையே பழையபடி கட்டலாம் என்று குட்வின் பேசி மசியவைத்தார். 1859-இல் எரிந்து போயிருந்த ராலே விடுதி, அப்பல்லோ அறையோடு, 1932-இல் மறுபடி எழுந்து நின்றது.

பொது விதிகள் வந்ததும் ஒரு வழக்கும் வந்தது. கலையும் தூய அறிவியலும் படித்தவர்களுக்குத்தான் சாவி. பாலம் கட்டக் கற்றவனுக்கு? சுரங்கம் தோண்டக் கற்றவனுக்கு? ரயில்வே முதலாளி ஏசா பாக்கர் பணத்தில் பென்சில்வேனியாவின் பெத்லஹெமில் எழுந்த லீஹை பல்கலைக்கழகத்தில் இந்தக் கேள்வி உறைத்தது. சுரங்கவியல் பேராசிரியர் எட்வர்ட் வில்லியம்ஸ் ஜூனியர் 1885-இல் தாமே ஒரு சங்கத்துக்கு விதி எழுதினார், பதக்கம் வரைந்தார், அந்த ஆண்டு முதலிடம் பெற்ற இர்விங் ஹைக்ஸ் என்ற மாணவரைக் கூப்பிட்டுச் சேர்த்துக்கொண்டார். டௌ பீட்டா பை. அதன் பதக்கம், ரயில் பாலத்தைத் தாங்கும் மரச்சட்டத்தின் வடிவம். சத்தியமோ விடுதியோ இல்லாமல், பிறக்கும்போதே மதிப்பெண்ணோடு பிறந்த சங்கம் இது. ஆனால் பொறியியலில் முன்வரிசையில் வந்த பெண்களுக்கு என்ன செய்வது என்று அதற்குத் தெரியவில்லை. 1936-இல் அவர்களுக்கென்று தனியாகப் பெண்கள் பதக்கம் ஒன்றைச் செய்து கொடுத்தது. பதக்கம் உண்டு, உறுப்பினர் உரிமை கிடையாது. 1969-இல்தான் அந்த விதி மாறியது.

லீஹையில் ஹைக்ஸ் பதக்கம் வாங்கிய அடுத்த ஆண்டு, கார்னெல் பல்கலைக்கழகத்தில் சிலருக்கு இன்னொரு சந்தேகம் வந்தது: ஆராய்ச்சி செய்கிறவனைப் பரிட்சை மதிப்பெண்ணால் அளக்க முடியுமா? அடுத்த இதழில் சிக்மா ஸை.

(தொடரும்)